பூவைப் பறித்த பிறகு காம்பை என்ன செய்வது?

மாசி மாதத்தின் பிற்பகுதியில் தொடங்கிச் சித்திரைப் புத்தாண்டு வரை நீளும் வாரங்களே கொழும்பில் பூஞ்செடி வளர்ப்பவர்களுக்கு உண்மையான கோடை. சித்திரை, அதாவது ஏப்ரல், முதல் வாரத்தையொட்டிச் சூரியன் நகரின் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. காற்று அசைவதில்லை. முற்பகல் பத்து மணிக்கே சீமெந்துத் தரையில் வைத்த சாடியின் விளிம்பைத் தொட முடியாது. பிற்பகலில் இடியோடு ஒரு மழை கொட்டி, காலையில் விரிந்த பூக்களையெல்லாம் நனைத்துக் குழைத்துவிட்டுப் போகும். வெயிலும் ஈரமும் ஒரே நாளில் மாறி மாறி வரும் இந்தக் காலத்தில்தான் என் செடிகள் அதிகமாகப் பூக்கின்றன. பூத்தவை விரைவாக வாடுகின்றன. வாடியவை செடியிலேயே ஒட்டிக்கொண்டு அழுகுகின்றன. ஆகவே வாடிய பூக்களை அகற்றும்போது எந்த இடத்தில் வெட்ட வேண்டும், வெட்டிய பின் செடியை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பவற்றைக் கொழும்பு நிலைமைக்கு ஏற்ப எழுதிவைக்கிறேன்.

கொழும்பு நிலைமைக்கு ஏற்ப என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த விடயத்தைப் பற்றிக் கிடைக்கும் நல்ல புத்தகங்களும் காணொளிகளும் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தோ வட அமெரிக்காவிலிருந்தோ வருபவை. அவர்களுடைய கோடையான ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் நாங்கள் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழையில் நனைந்துகொண்டிருப்போம். அங்கே பல்லாண்டுப் பூஞ்செடிகளில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் நிலமட்டம் வரை மடிந்து, வசந்தத்தில் வேரிலிருந்து மீண்டும் முளைப்பவை. முதல் உறைபனி விழுவதற்கு முன் பெறக்கூடிய பூக்களையெல்லாம் பெற்றுவிட வேண்டும் என்பதற்காகவே அவர்கள் கோடை முழுவதும் வாடிய பூக்களைக் கிள்ளுகிறார்கள். இலையுதிர்காலம் நெருங்கும்போது பறவைகளுக்கு விதை கிடைக்கட்டும் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கை வைகாசியில் தோட்டத்தில் இறங்கிப் புரட்டாதியோடு கருவிகளைத் துடைத்து உள்ளே வைத்துவிடுவாள். கொழும்பில் அப்படி மூடிவைக்க ஒரு காலம் இல்லை. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறோம். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஒரு மணித்தியால வித்தியாசம்கூடக் கிடையாது. ஓய்வெடு என்று செடிக்குச் சொல்லக் குளிரும் இல்லை, பகல் சுருங்குவதும் இல்லை. பூத்து, காய்த்து, சோர்ந்து, மெலிந்த நீண்ட கொப்புகளோடு அது பாட்டுக்கு நிற்கும். அதற்கு இடைவேளை கொடுக்கும் பொறுப்பு பெருமளவு நம் கத்தரியின் மேல் விழுகிறது.

வாடிய பூவை ஏன் அகற்ற வேண்டும் என்பதற்கு அழகைத் தவிர மூன்று காரணங்கள் இருக்கின்றன. மகரந்தம் சேர்ந்து பூவின் அடியிலுள்ள சூலகம் பருக்கத் தொடங்கியதும், இலைகள் தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு அந்தக் காய்க்குள் போய்ச் சேர்கிறது. வளரும் விதைகளிலிருந்து வெளிப்படும் ஓமோன்கள் புதிய அரும்புகள் உருவாவதையும் பின்தள்ளுகின்றன. காய் பிடிப்பதற்கு முன் பூவை எடுத்துவிட்டால் செடி மறுபடியும் பூக்க முயல்கிறது. அடுத்தது, கிளையின் நுனியில் உருவாகிக் கீழ்நோக்கி இறங்கும் ஒக்சின் என்னும் ஓமோன் பக்க மொட்டுகளை எழவிடாமல் அடக்கிவைப்பது. நுனியை வெட்டினால் அந்த அடக்குமுறை நீங்கி, இலைக் கக்கங்களில் உறங்கும் மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. கடைசிக் காரணம் நம் ஊருக்கு மிகவும் பொருந்துவது: நனைந்து குழைந்த இதழ்கள் இலைமேல் படிந்து கிடந்தால் அவற்றில் பூஞ்சணம் பிடித்து, அங்கிருந்து நல்ல மொட்டுக்கும் தண்டுக்கும் பரவும்.

நம் வீடுகளில் இந்த வேலையின் பாதி, வேலை என்று யாரும் நினைக்காமலே, தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. விடியற்காலையில் சுவாமி அறைக்குப் பூப் பறிப்பவர் அந்தப் பூ காயாகும் வாய்ப்பையும் சேர்த்தே பறித்துவிடுகிறார். பூசைக்குப் பறிக்கும் வீட்டில் செடிகள் ஓயாமல் பூப்பதைக் கண்டு கைராசி என்று சொல்வார்கள். அந்த ராசியில் பெரும்பகுதி இந்தத் தினசரிப் பறிப்பினால் வருவதே. பொழுது பட்ட பிறகு செடியைத் தொடக்கூடாது, செடி தூங்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதையும் நான் மதிக்கிறேன். அவர்கள் சொல்லும் காரணம் எதுவாக இருந்தாலும், இரவு முழுவதும் ஈரக்காற்றில் திறந்து கிடக்கும் வெட்டுக்காயத்தை விட, காலை வெயிலில் காய்ந்து ஆறும் காயம் செடிக்கு நல்லது.

ஆனால் பறிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி காம்பில் இருக்கிறது. எதிர்வீட்டு மாமி எங்கள் வேலியோரத்து வெட்சியில் நாள்தோறும் பூ எடுப்பவர். நான் அதே செடியில் கத்தரியோடு நிற்பதைப் பார்த்தால் அவருக்கு மனம் கேட்பதில்லை.

"பூவை நான்தான் எடுத்திட்டனே பிள்ளை, பிறகேன் நல்ல கொப்பையும் வெட்டுறாய்?"

"இந்த நுனி இனிப் பூக்காது மாமி. இதுக்குக் கீழ இருக்கிறதுதான் பூக்கும், இஞ்ச பாருங்கோ."

அவரிடம் காட்டியதை இங்கேயும் விவரிக்கலாம். புறத்திணையில் ஆநிரை கவரப் போன மறவர் சூடிய வெட்சிதான் இன்று கொழும்பு மதில்களின் ஓரமெங்கும் நிற்பது. தென்னிந்தியாவும் இலங்கையுமே அதன் சொந்த நிலம். ஒரு கொத்தில் நான்கிதழ்ப் பூக்கள் பல ஒன்றாக நிற்கும். பூக்களை உருவி எடுத்த பிறகோ அவை தாமாக உதிர்ந்த பிறகோ கொத்தின் எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். செம்மை படர்ந்த மெல்லிய காம்புகள் மூன்று மூன்றாகக் கிளைத்திருக்க, அவற்றின் முனைகளில் பச்சைக் காய்கள் பருக்கத் தொடங்கியிருக்கும். பூ இல்லை, ஆகவே வேலை முடிந்தது என்று நாம் நினைக்கும் நேரத்தில் செடி அந்தக் காய்களுக்கு உணவு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்தக் கொத்தைப் பிடித்துக்கொண்டு காம்பின் வழியே கீழே வந்தால், எதிரெதிராக அமைந்த முதல் முழு இலைச் சோடி வரும். இலை காம்போடு சேரும் கக்கத்தை விரலால் விலக்கிப் பார்த்தால் இருபுறமும் கடுகளவில் ஒவ்வொரு மொட்டுத் தெரியும். அந்தச் சோடிக்குச் சற்று மேலே, விரல் நகத்தின் அகலம் அளவு விட்டு வெட்டினால் இரண்டு மொட்டும் எழும். ஒரு நுனி இருந்த இடத்தில் இரண்டு நுனிகள் வரும். இரண்டும் கொத்தாக முடியும். கொத்தை மட்டும் ஒடித்துவிட்டு மொட்டைக் காம்பை நீளமாக விட்டால், அந்தக் காம்பு கறுத்துக் காய்ந்து, சில வேளைகளில் கணு வரைக்கும் அந்தக் காய்தலைக் கொண்டுபோய்விடும். மாமி மூக்குக்கண்ணாடியை இறக்கி அந்தக் கக்கத்தைப் பார்த்தார். "அப்ப வெட்டு" என்று சொல்லிவிட்டு, வெட்டி விழுந்த கொத்துகளில் இன்னும் விரியாதிருந்த அரும்புகளைத் தன் தட்டில் பொறுக்கிக்கொண்டார்.

வெட்சியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதிலையோ சீமெந்து வாய்க்காலையோ ஒட்டி நட்ட வெட்சியின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, மற்ற இடமெல்லாம் மஞ்சளாவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். சீமெந்திலிருந்து கரையும் சுண்ணாம்பு மண்ணைக் காரத்தன்மை உடையதாக்குவதால் வேர்களுக்கு இரும்புச்சத்து கிடைப்பதில்லை. இதற்குக் கத்தரியால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. அடுப்புச் சாம்பலும் போடக்கூடாது, அது காரத்தை இன்னும் கூட்டும். இலைக்குப்பையும் கூட்டெருவும் நிறையப் போட்டு மண்ணை மெல்ல மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் செடியை மதிலிலிருந்து தள்ளி நட வேண்டும்.

எல்லாச் செடிக்கும் வெட்சிக்குச் செய்வதையே செய்யலாமா என்றால், முடியாது. நம் தோட்டங்களில் நிற்பவற்றில் பெரும்பாலானவை வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து குடியேறியவை. நித்தியகல்யாணி மடகஸ்காரிலிருந்து வந்தது, ஜெர்பரா தென்னாபிரிக்காவிலிருந்து, கல்வாழை அமெரிக்க வெப்பநிலங்களிலிருந்து, காகிதப்பூ என்று நாம் சொல்லும் போகன்வில்லாவை 1767 ஆம் ஆண்டு பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் கொமர்சோன் சேகரித்து, தான் பயணம் செய்த கப்பற்படையின் தலைவர் பூகன்வில்லின் பெயரால் அறிமுகப்படுத்தினார். இப்படி வந்த செடிகளை வளர்த்துப் பார்ப்பதற்கென்று ஆங்கிலேயர் 1810 இல் கொழும்பிலேயே, இன்றைய கொம்பனித்தெருப் பகுதியில், ஒரு தாவரவியல் தோட்டம் அமைத்தார்கள். லண்டன் கியூ தோட்டத்தின் பெயர் அதற்கு இடப்பட்டது. தோட்டம் 1813 இல் களுத்துறைக்கும் 1821 இல் பேராதனைக்கும் இடம்பெயர்ந்த பிறகும் கியூ வீதி என்ற பெயர் மட்டும் கொம்பனித்தெருவில் தங்கிவிட்டது. வந்தவை எல்லாவற்றுக்கும் பூக்கும் முறை அதனதன் பிறந்த இடத்துக்கு உரியது. ஆகையால் கத்தரியை எடுக்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது: இந்தச் செடி வாடிய பூவைத் தானே உதிர்க்கிறதா? அடுத்த பூ எங்கிருந்து வரும், புதுத் துளிரிலிருந்தா, பழைய தண்டிலிருந்தா, வேரடியிலிருந்தா?

தானே உதிர்ப்பவற்றில் முதலாவது செவ்வரத்தை. அதன் பூவுக்கு ஒரு நாள் ஆயுள். மறுநாள் சுருண்டு காம்போடு விழுந்துவிடும். நம் வீடுகளில் நிற்கும் அடுக்குச் செவ்வரத்தை காய்ப்பதும் அரிது. அதில் வாடிய பூவைத் தேடித்தேடிக் கிள்ளுவது நேரத்தை வீணாக்கும் வேலை. ஆனால் செவ்வரத்தை புதுத் துளிரின் இலைக் கக்கங்களில்தான் அரும்பும். துளிர் நின்றுபோனால் பூவும் நின்றுபோகும். ஆகவே அதற்கு வேண்டியது கிள்ளுவது அல்ல, ஆண்டுக்கு ஓரிரு முறை கொப்புகளில் மூன்றிலொரு பங்கை வெட்டிக் குறைப்பது. வெட்டும்போது இலைகளின் அடிப்புறத்தையும் கணுக்களையும் பார்க்க வேண்டும். கோடையில் செவ்வரத்தையின் இளம் நுனிகளில் வெள்ளை மாவுப்பூச்சி அடைவது வழக்கம். எறும்புகள் கொப்பில் வரிசையாக ஏறுவதைக் கண்டால் பூச்சி இருக்கிறது என்று கொள்ளலாம், ஏனென்றால் பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகளே அதைக் காவல்காக்கும். மோசமாகத் தாக்குண்ட நுனிகளை வெட்டிப் பையில் கட்டி அகற்றிவிட்டு, மீதியில் வேப்பெண்ணெயைச் சிறிது சவர்க்கார நீரில் கலந்து மாலையில் தெளிப்பது போதுமானது. உச்சி வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலை கருகும்.

நித்தியகல்யாணியும் இதழைத் தானே உதிர்த்துவிடும். ஆனால் அது மெல்லிய இரட்டைக் காய்களைப் பிடித்துச் சுற்றிவர விதை கொட்டும். தண்டும் வெறுமையாக நீளும். கோடை மழை தொடங்கியதும் அதைப் பாதியாக வெட்டிவிடலாம். நந்தியாவட்டையை வெட்டும்போது பால் வடியும், கத்தரியை உடனே துடைக்காவிட்டால் ஒட்டிக்கொள்ளும். அலரியை வெட்டுபவர்கள் கையுறை போட வேண்டும், வெட்டிய கொப்பை எரிக்கவும் கூடாது, அதன் புகைகூட நஞ்சு. பவளமல்லிகைக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம். அது விடியும்போது எல்லாவற்றையும் தானே கொட்டிவிடுகிறது, நிலத்தில் விழுந்ததை எடுத்துச் சுவாமிக்கு வைக்கலாம் என்ற சலுகையும் அந்தப் பூவுக்கு உண்டு.

ரோசாவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கொழும்பில் அதிகம் ஏமாற்றம் தரும் செடி அதுதான். பத்தரமுல்லை தியத்த உயனவின் செடிக் கடைகளில் கை நிறையப் பூவோடு வாங்கிவருவோம். வீட்டுக்கு வந்த பின் அடுத்த பூ சிறுத்து வரும், அதற்கடுத்தது வராது. நுவரெலியாவின் குளிரில் ஒரு பூ பல நாட்கள் நிற்கிறது. கொழும்பின் பங்குனி வெயிலில் காலையில் விரிந்தது மறுநாள் மாலைக்குள் தளர்ந்துவிடும். ஐந்து சிற்றிலைகள் கொண்ட முதல் முழு இலை வரை கீழே இறங்கி, வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்கு மேலே சரிவாக வெட்ட வேண்டும் என்பது புத்தக விதி. வெளிப்புற மொட்டைத் தேர்ந்தால் புதுக் கொப்பு வெளியே விரியும், செடியின் நடுவில் காற்றோட்டம் இருக்கும்; சரிவாக வெட்டினால் மழைநீர் தேங்காது. இந்த இரண்டையும் நான் கடைப்பிடிக்கிறேன். ஆனால் செடி சிறிதாகவோ நோயுற்றோ இருந்தால் அவ்வளவு கீழே இறங்குவதில்லை. நம் ஈரத்தில் கரும்புள்ளி நோய் ஏற்கெனவே அதன் இலைகளில் பாதியைத் தின்றிருக்கும். மிஞ்சிய இலைகளையும் நாமே வெட்டி எடுத்தால் புதுத் துளிருக்கு உணவு எங்கிருந்து வரும்? அப்படிப்பட்ட செடியில் வாடிய பூவை அதன் கழுத்துக்கு அருகிலேயே வெட்டிவிட்டு, இலைகள் அனைத்தையும் விட்டுவைப்பதுதான் சரி. கொத்தாகப் பூக்கும் ரோசாவில் முடிந்த பூக்களை முதலில் ஒவ்வொன்றாக எடுத்து, கொத்து முழுவதும் முடிந்த பிறகு காம்பை வெட்டலாம். செடி திடமாக இருந்தால், வெட்டிய இடத்திலிருந்து ஏறக்குறைய ஆறு வாரங்களில் அடுத்த பூவை எதிர்பார்க்கலாம். கீழே விழுந்த புள்ளி இலைகளை அன்றன்றே பொறுக்க வேண்டும். அவற்றைக் கூட்டெருக் குவியலில் போடக்கூடாது. ஒட்டுச் செடியாக இருந்தால் ஒட்டுக்குக் கீழிருந்து வேகமாகக் கிளம்பும் கொப்பைப் பார்த்து மகிழ வேண்டாம். அது கீழிருக்கும் காட்டு ரோசாவினுடையது, அதை அடியோடு கிழித்து எடுக்க வேண்டும்.

ஜெர்பராவுக்குக் கத்தரியே வேண்டாம். அதன் பூந்தண்டு வேரடியிலிருந்து நேரே எழுவதால், நடுவில் வெட்டினால் மிஞ்சும் துண்டு அழுகி அந்த அழுகலைக் குருத்துக்குள் இறக்கிவிடும். தண்டின் அடியைப் பிடித்து மெல்லத் திருகிப் பக்கவாட்டில் இழுத்தால் முழுவதுமாகக் கழன்று வரும். குருத்து மண்மட்டத்துக்கு மேலே நிற்கும்படி நட்டிருந்தால்தான் ஜெர்பரா வைகாசி மழையைத் தாண்டும். கல்வாழையில் இதற்கு நேர்மாறான நிதானம் தேவை. ஒரு பூ குழைந்தவுடன் அதைப் பற்றி இழுத்தால், அதையொட்டி நிற்கும் அடுத்த அரும்பும் கையோடு வந்துவிடும். அந்த ஒரு பூவை மட்டும் விரல் நுனியால் கிள்ள வேண்டும். தண்டில் அரும்பு எதுவும் மிஞ்சாதபோது தண்டையே நிலமட்டத்தில் வெட்டலாம், கிழங்கிலிருந்து அடுத்தது வரும். கனகாம்பரத்தின் கதிர் கீழிருந்து மேலாகப் பூத்துக்கொண்டே போகும், ஆகையால் கதிர் நுனி வரை பூத்து முடிவதற்கு முன் கத்தரி அதன் பக்கம் போக வேண்டியதில்லை.

மாடிக் குடியிருப்பில் பால்கனி மட்டுமே உள்ளவர்கள் பெரும்பாலும் டென்ட்ரோபியம் ஓர்க்கிட் வைத்திருக்கிறார்கள். பூ முடிந்த பூந்தண்டை அடியில் வெட்டலாம். ஆனால் அது கிளம்பிய, கரும்புத் துண்டு போலக் கணுக்கணுவாக நிற்கும் தடித்த தண்டு இலையுதிர்ந்து வெறுமையாக இருந்தாலும் அதைத் தொடக்கூடாது. நீரும் உணவும் அதில்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. அதே தண்டு மறுபடியும் பூக்கவும் கூடும். பழுப்பாகிச் சுருங்கி உள்ளே ஒன்றுமில்லாமல் போன பிறகுதான் அதை எடுக்கலாம். அந்தூரியத்தின் வண்ண மடல் பச்சையாகத் திரும்பியதும் காம்பை அடியோடு வெட்டிவிடலாம்.

போகன்வில்லாவில் நாம் பூ என்று பார்ப்பது நிறமேறிய பூவடி இலைகளை. உண்மையான பூ நடுவில் இருக்கும் சிறிய வெள்ளைக் குழாய். நிறம் வெளுத்த பிறகு அந்த நுனிகளைக் கையளவு குறைத்துவிட்டால் புதுக் கொப்பு வரும், புதுக் கொப்பில் பூ வரும். அதற்குத் தண்ணீரைச் சற்றுக் குறைத்துக் காயவிடுவதும் உதவும். கொழும்பில் தை முதல் சித்திரை வரை அது கொழுந்துவிட்டுப் பூப்பதற்கு அந்த வறட்சியே காரணம். மல்லிகையும் புதுத் துளிரில் பூப்பதுதான். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் நீண்ட கொடிநுனிகளை வெட்டிவிட வேண்டும். அரும்பாகவே நாம் பறித்துவிடுவதால் காய் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

கனமான வெட்டு எப்போது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பங்குனி வெயிலில் வாடியவற்றை எடுப்பதற்கு மேல் எதுவும் செய்வதில்லை. அந்த நேரத்தில் இலைகள்தான் தண்டுக்கும் மண்ணுக்கும் நிழல். அவற்றை அகற்றினால் இதுவரை நிழலில் இருந்த பட்டை வெந்துவிடும். பிற்பகல் இடிமழை ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு, ஆனால் தென்மேற்குப் பருவமழை முழுமூச்சாக இறங்குவதற்கு முன், அதாவது சித்திரைக் கடைசியிலிருந்து வைகாசி நடுப்பகுதிக்குள், மூன்றிலொரு பங்கு வெட்டை முடித்துக்கொள்கிறேன். விடாமழையில் வெட்டினால் நுனி கறுத்துக் கீழ்நோக்கிக் காய்வது அதிகம். கத்தரி கூர்மையாக இருக்க வேண்டும். நசுங்கிய காயம் ஆறுவதில்லை. நோயுற்ற செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அலகைத் துடைக்க வேண்டும். கூலிக்கு வருபவர்கள் பெரிய வேலிக்கத்தரியால் எல்லாச் செடியையும் ஒரே உயரத்தில் சீவிவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வேலிக்கு அது சரி. பூவுக்கு அது சரியல்ல. பாதி விரிந்த அரும்பும் முடிந்த கொத்தும் ஒன்றாகப் போய்விடும்.

வெட்டிய செடிக்குப் பசளை வேண்டும், ஆனால் யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் தழைக்கும். 2021 வைகாசியில் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை அவ்வாண்டு கார்த்திகையில் நீக்கப்படுவதற்குள், வீட்டுத் தோட்டக்காரர் பலர் மாட்டெருவுக்கும் கூட்டெருவுக்கும் திரும்பியிருந்தார்கள். நானும் அதிலேயே நின்றுவிட்டேன், பூவில் குறை தெரியவில்லை. வாழைப்பழத் தோலை ஊறவைத்த நீரைப் பற்றிப் பலரும் உற்சாகமாகப் பேசுகிறார்கள். அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. தோலை நறுக்கிக் கூட்டெருவில் போட்டால் அதே சத்து மெல்ல வந்து சேரும், ஈயும் மொய்க்காது. சாடியில் மண்ணின் மேல் தும்புத்தூளையோ தேங்காய்ப் பொச்சையோ பரப்பி, காலையில் வேரடியில் தண்ணீர் விட்டால் கோடையைத் தாண்டிவிடலாம். வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கமாக இருப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் சேரும். வைகாசிக்குப் பின் பலத்து வீசும் கடற்காற்று இலைகளில் உப்பைப் படியவைத்து விளிம்புகளைக் கருக்கும். மழையில்லாத நாட்களில் இலைகளையும் நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். இது ஒன்றுக்குத்தான் இலையை நனைக்கலாம், அதுவும் காலையில் மட்டும்.

தண்ணீர் என்றவுடன் கொழும்பில் நுளம்பைப் பேசாமல் இருக்க முடியாது. 2017 இல் இலங்கையில் 186,000 இற்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் முதலில் பார்ப்பவற்றுள் சாடிகளுக்குக் கீழே வைத்திருக்கும் தட்டுகளும் அடங்கும். முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். தட்டிலிருக்கும் நீரைக் கவிழ்த்து ஊற்றினால் போதும் என்று நினைப்பது தவறு. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தட்டின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த மழையில் நனைந்ததும் பொரிக்கும். தட்டை வாரம் ஒருமுறை தும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும், முடிந்தால் தட்டே இல்லாமல் செங்கல்லின் மேல் சாடியை வைத்துவிடலாம். உதிர்ந்த பூவுக்கும் இதில் பங்கு உண்டு. கூரையோரம் படர்ந்த போகன்வில்லாவின் காகித இதழ்கள் காற்றில் பறந்து பீலியில் அடைந்து, அங்கே நீரைத் தேக்கிவைக்கும். நிலத்திலிருந்து பார்த்தால் அது தெரியாது. வெளுத்த நுனிகளை உதிரும் முன் வெட்டிவிடுவதற்கு எனக்கு இதுவே பெரிய காரணம்.

எல்லாவற்றையும் வெட்டித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. வேலியின் பின்புறத்து வெட்சியில் சில கொத்துகளை நான் காய்க்க விடுகிறேன். காய் கறுத்துக் கனிந்ததும் கொண்டைக்குருவிகள் வந்து தின்னும். கனகாம்பரத்தில் விதை வேண்டுமென்றால் காய்ந்த கதிர்களை மழைக்கு முன் எடுத்துக் கடதாசிப் பையில் போட வேண்டும். ஈரம் பட்டால் காய் படாரென்று வெடித்து விதையைத் தூர வீசிவிடும்.

புத்தாண்டுக்கு யாழ்ப்பாணம் போகும் குடும்பங்கள் பல, இந்தக் கடும் வெயிலிலேயே ஒரு வாரம் பத்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகின்றன. போவதற்கு முதல் நாள் விரிந்த பூக்கள் எல்லாவற்றையும், நிறம் காட்டத் தொடங்கிய மொட்டுகளையும் சேர்த்து வெட்டிவிட வேண்டும். பூவும் மொட்டும் தண்ணீரை இழுப்பவை. பார்க்க ஆளில்லாத வீட்டில் அவை விரிந்து அழுகுவதால் யாருக்கும் பயனில்லை. சாடிகளைச் சுவரின் கிழக்குப் பக்கத்து நிழலில் நெருக்கமாக வைத்து, மண்ணை நன்றாக நனைத்து, மேலே பொச்சைத் தடிப்பாகப் பரப்ப வேண்டும். தண்ணீர் நின்றால் உதவும் என்று தட்டுகளை நிரப்பி வைத்துவிட்டுப் போவது மட்டும் வேண்டாம். அவற்றைக் கழுவிக் கவிழ்த்து வீட்டுக்குள் வைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும்.